மழை விட்டதும் வீட்டுக்குள் ஈசல் வருதா? அலட்சியம் வேண்டாம்... கரையானிடமிருந்து வீட்டைக் காப்பது எப்படி? முழு விளக்கம்

நல்ல மழை பெய்து ஓய்ந்த மறுநாள் சாயங்காலம். ட்யூப் லைட்டைச் சுற்றி ஈசல் கூட்டம். லைட்டை அணைத்துவிட்டு, காலையில் இறக்கைகளைப் பெருக்கித் தள்ளிவிட்டு அதோடு மறந்துவிடுவோம். கிராமத்துப் பக்கம் என்றால் ஈசலைப் பிடித்து, வறுத்து, அரிசியோடு கலந்து சாப்பிட்டும் விடுவார்கள்.

ஆனால், அந்த ஈசல் வேறு யாரும் இல்லை. இறக்கை முளைத்த கரையான்தான் ஈசல். புதுப் புற்று வைக்க இடம் தேடிக் கிளம்பிய ஜோடிகள் அவை. அப்படி ஒரு ஜோடி உங்கள் வீட்டு அஸ்திவாரத்தின் ஓரத்தில் ஈர மண்ணைக் கண்டுபிடித்துவிட்டால், சில வருடங்கள் கழித்து நிலைக்கதவைத் தட்டும்போதுதான் உங்களுக்கு விஷயமே தெரியவரும்.

'வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்' என்பார்கள். கடன் வாங்கிக் கட்டிய வீட்டைச் சத்தமே இல்லாமல் தின்னும் கரையானை எப்படிக் கண்டுபிடிப்பது? மருந்து அடிக்கும்போது எதைக் கவனிக்க வேண்டும்? எதைச் செய்யவே கூடாது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கரையான் என்பது எறும்பா?

இல்லை. 'வெள்ளை எறும்பு' என்று சொல்லிப் பழகிவிட்டோம். அறிவியல்படி கரையான், கரப்பான் பூச்சியின் நெருங்கிய சொந்தம். தென் மாவட்டங்களில் இதையே 'செல்லு' என்பார்கள். 'செல்லரித்துப் போச்சு' என்கிறோமே, அந்தச் செல் இதுதான்.

ஒரு புற்றுக்குள் ராஜா, ராணி, சிப்பாய்கள், வேலைக்காரக் கரையான்கள் என்று தனித்தனிப் பிரிவு உண்டு. நம் கதவையும் புத்தகத்தையும் அரிப்பது வேலைக்காரக் கரையான். பெரும்பாலானவற்றுக்குக் கண் பார்வை கிடையாது. சில வகைகளில் ராணி ஒரே நாளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடும். பத்து வருடத்துக்கு மேலும் உயிரோடு இருக்கும். அதனால், கண்ணில் படும் நூறு கரையானைக் கொன்றாலும் புற்றுக்குப் பெரிய நஷ்டம் இல்லை.

கரையானுக்கு வேண்டியது மரத்திலும் காகிதத்திலும் துணியிலும் இருக்கும் செல்லுலோஸ் என்ற நார்ப்பொருள். அதைச் செரிக்க, கரையானின் குடலுக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் உதவுகின்றன. நம்மூரில் புற்று வைக்கும் சில வகைகள், தின்ற மரத்தை வைத்து உள்ளேயே பூஞ்சைத் தோட்டம் போடுகின்றன. மழைக்காலத்தில் புற்றில் முளைக்கும் புற்றுக்காளான் அந்தத் தோட்டத்திலிருந்து வருவதுதான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். காட்டிலும் வயலிலும் கரையான் எதிரி இல்லை. பட்டுப்போன மரத்தையும் சருகையும் மண்ணாக்குவதே அதுதான். அதன் கணக்கில் உங்கள் வீட்டு நிலைக்கதவும் ஒரு பட்டுப்போன மரம், அவ்வளவுதான்.

வீட்டுக்குள் எப்படி வருகிறது?

நம் வீடுகளைத் தாக்கும் கரையானில் பெரும்பாலானவை மண்ணுக்கு அடியில் வாழ்பவை. இவற்றின் தோல் ரொம்ப மெல்லியது. வெயிலும் காற்றும் பட்டால் உடம்பு காய்ந்துவிடும். அதனால்தான் திறந்த இடத்தில் நடக்காமல், மண்ணையும் எச்சிலையும் குழைத்துப் பென்சில் கனத்தில் குழாய் கட்டி, அதற்குள்ளேயே போய் வருகின்றன. சுவரில் நாம் பார்க்கும் மண் கோடு இதுதான்.

உள்ளே நுழையப் பெரிய ஓட்டை தேவையில்லை. தரையும் சுவரும் சேரும் இடத்து விரிசல், தண்ணீர்க் குழாய் நுழையும் இடம், வயர் போகும் பைப், டைல்ஸ் இடுக்கு போதும். வீடு கட்டும்போது சென்ட்ரிங் பலகைத் துண்டு, சவுக்குக் கட்டை, சிமென்ட் பை இவற்றை அப்படியே மண்ணில் போட்டு மூடிவிட்டால், அது கரையானுக்கு வைத்த விருந்து.

'நாங்க மூணாவது மாடி, எங்களுக்கு வராது' என்று நினைக்க வேண்டாம். குழாய்கள் போகும் வழியாகவே மாடிக்கு ஏறிவிடும். மேல் மாடியில் ஒழுகலும் ஓதமும் இருந்தால், அங்கேயே ஈரம் கிடைத்துவிடுவதால் இன்னும் வசதி.

மண்ணோடு தொடர்பே இல்லாமல், காய்ந்த மரத்துக்குள்ளேயே வாழும் ஒரு வகையும் உண்டு. பழைய கட்டில், பீரோ வாங்கி வரும்போது அதோடு சேர்ந்து வீட்டுக்குள் வந்துவிடும்.

இந்த 6 அறிகுறிகளைக் கவனியுங்கள்

1. சுவர், ஸ்கர்ட்டிங், கதவு நிலை, லாஃப்ட் மூலையில் மண் கோடு.

2. கதவு நிலையை விரலால் தட்டினால் 'டொக்' என்று வெற்றுச் சத்தம்.

3. ஈரம் படாத இடத்தில் பெயின்ட் உப்பி நிற்பது. அழுத்தினால் உள்ளே போவது.

4. ஜன்னல் ஓரத்தில் குவியலாக இறக்கைகள். வெளியிலிருந்து லைட்டுக்கு வந்த ஈசலா, வீட்டுக்குள்ளிருந்து கிளம்பிய ஈசலா என்று பாருங்கள். சுவர் விரிசலிலிருந்தோ தரை இடுக்கிலிருந்தோ ஈசல் வெளியே வந்தால், புற்று வீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது என்று அர்த்தம்.

5. நன்றாக மூடித் திறந்த மரக்கதவு திடீரென்று இறுகுவது, அல்லது கீல் ஸ்க்ரூ பிடிப்பில்லாமல் ஆடுவது.

6. கட்டிலுக்கு அடியில் ரவை போலச் சின்னச் சின்ன மணிகள். இது காய்ந்த மரக் கரையானின் எச்சம்.

மரத்தில் குண்டூசி முனை அளவில் ஓட்டைகள் இருந்து, மாவு போல நைசான தூள் கொட்டினால் அது கரையான் இல்லை. அது வண்டு; 'உளுத்துப் போச்சு' என்போமே, அந்த உளு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு. ஆள் கூப்பிடும் முன்பே இதைத் தெரிந்துகொண்டால் தேவையில்லாத செலவு மிச்சம்.

ஸ்ப்ரே அடித்தால் போதாதா?

இதை எழுதும் எனக்கே நடந்த விஷயம் இது. காலேஜ் புத்தகங்களைச் சுவரோடு ஒட்டிய அலமாரியில் அடுக்கி வைத்திருந்தேன். ஒருநாள் ஒரு இலக்கணப் புத்தகத்தை எடுத்தால், அட்டை அப்படியே இருக்கிறது. உள்ளே பாதிக்கு மேல் மண். பதறிப்போய் கடையில் ஸ்ப்ரே வாங்கி அடித்தோம். மண் கோட்டைத் துடைத்துப் பெயின்டும் அடித்தாகிவிட்டது. 'முடிஞ்சுது' என்று நினைத்தோம். மூன்று மாதம் கழித்து, பக்கத்து ரூம் கதவு நிலையில் மண் கோடு.

ஏன் இப்படி? ஸ்ப்ரே, சாவது வெளியே தெரிந்த கரையானுக்கு மட்டும்தான். புற்றும் ராணியும் மண்ணுக்கு அடியில் பத்திரமாக இருக்கும். ஒரு வழியை அடைத்தால் இன்னொரு வழியைத் தேடும். ஆகவே மண் கோட்டைப் பார்த்ததும் முதல் வேலை, போட்டோ எடுப்பது. அடுத்து, கோட்டின் நடுவில் இரண்டு அங்குலம் மட்டும் உடைத்துவிட்டு நான்கைந்து நாள் காத்திருங்கள். உடைந்த இடம் மறுபடி அடைபட்டிருந்தால் கரையான் நடமாட்டம் இருக்கிறது. முழுக் கோட்டையும் சுத்தமாகத் துடைத்துவிட்டால், மருந்து அடிக்க வருபவருக்கு எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் போய்விடும்.

மண்ணெண்ணெய், வேப்பெண்ணெய், உப்புத் தண்ணீர் போன்ற கைவைத்தியங்களும் இதே கணக்குதான். தொட்ட இடத்தில் கொஞ்ச நாள் தடுக்கும், புற்றைத் தொடாது. மண்ணெண்ணெய் தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. சுவிட்ச் போர்டு, கேஸ் அடுப்பு பக்கத்தில் கண்டிப்பாக வேண்டாம்.

புது வீடு கட்டுகிறீர்களா? இதுதான் சரியான நேரம்

கரையானைத் தடுக்க ரொம்பச் சுலபமான, செலவும் குறைவான நேரம் வீடு கட்டும்போதுதான். இதற்கென்றே இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'ஐஎஸ் 6313' என்ற விதிமுறை இருக்கிறது. கான்ட்ராக்ட் போடும்போதே 'ஐஎஸ் 6313படி ஆன்டி டெர்மைட்' என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

வேலை நான்கு கட்டமாக நடக்க வேண்டும்.

முதலில், கடைக்கால் தோண்டிய குழியின் அடியிலும் பக்கங்களிலும் மருந்து. அடுத்து, கடைக்கால் சுவரை ஒட்டி மண் நிரப்பும்போது அந்த மண்ணுக்கு. மூன்றாவது, பேஸ்மட்டம் வரை மண் நிரப்பிக் கெட்டித்த பிறகு, தரைக் கான்கிரீட் போடுவதற்கு முன் மேல்பரப்பு முழுக்க. கடைசியாக, வீடு முடிந்ததும் வெளிப்புறம் சுற்றிலும்.

எவ்வளவு மருந்து? தரை போன்ற மட்டமான பரப்புக்குச் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் மருந்துக் கரைசல். சுவரை ஒட்டிய மண்ணுக்குச் சதுர மீட்டருக்கு 7.5 லிட்டர்.

இதை வைத்து நீங்களே ஒரு கணக்குப் போடலாம். 1,000 சதுர அடி என்பது சுமார் 93 சதுர மீட்டர். தரைப் பரப்புக்கு மட்டும் 465 லிட்டர் கரைசல் தேவை. முதுகில் மாட்டும் 16 லிட்டர் ஸ்ப்ரேயர் என்றால் 29 தடவை நிரப்ப வேண்டும். ஒருவர் வந்து இரண்டு டேங்க் தெளித்துவிட்டு 'வேலை முடிஞ்சுது சார்' என்றால், அது வாசனை காட்டியது மட்டும்தான்.

கலவை அளவும் முக்கியம். குளோர்பைரிபாஸ் 20 சதவீத மருந்து என்றால் 1 லிட்டருக்கு 19 லிட்டர் தண்ணீர். இமிடாகுளோபிரிட் 30.5 சதவீதம் என்றால் 1 லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி. அதாவது, மேலே சொன்ன 465 லிட்டருக்குக் கிட்டத்தட்ட 1 லிட்டர் மருந்து. உங்கள் கண்முன் சீல் உடைத்துக் கலக்கச் சொல்லுங்கள். மழை பெய்து மண் சொதசொதவென்று இருக்கும் நாளில் அடிக்க விடாதீர்கள்; மண் மருந்தை உறிஞ்சாது.

ஆல்ட்ரின், குளோர்டேன் போன்ற பழைய மருந்துகள் மண்ணிலும் உடம்பிலும் பல வருடம் தங்குபவை. இந்தியாவில் தடை செய்யப்பட்டவை. 'அந்தக் காலத்து ஸ்ட்ராங் மருந்து இருக்கு' என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். குளோர்பைரிபாஸ் விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. அமெரிக்காவில் 2000-ஆம் ஆண்டிலேயே வீட்டு உபயோகத்திலிருந்து அதை விலக்கும் முடிவு எடுக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியமும் 2020-ல் அதற்கான அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. மாற்று மருந்து இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை.

குடியிருக்கும் வீட்டில் என்ன செய்யலாம்?

கட்டி முடித்த வீட்டுக்கும் இதே விதிமுறையில் வழி இருக்கிறது. தரையும் சுவரும் சேரும் ஓரத்தில் ஓர் அடி இடைவெளியில் 12 மில்லிமீட்டர் ஓட்டை போட்டு, அடியில் இருக்கும் மண்ணுக்குள் மருந்தைச் செலுத்துவார்கள். ஓட்டைக்கு அதிகபட்சம் 1 லிட்டர் வரை. வீட்டுக்கு வெளியே சுவரை ஒட்டியும் மருந்து இறக்குவார்கள். பிறகு ஓட்டைகளை ஒயிட் சிமென்ட்டால் அடைத்துவிடுவார்கள். ஓட்டை போடாமல் மேலாக மட்டும் தெளித்துவிட்டுப் போவது முழுமையான வேலை இல்லை.

மருந்திலும் இரண்டு ரகம். பைபென்த்ரின் போன்றவை கரையானை அண்டவிடாமல் விரட்டும். இமிடாகுளோபிரிட் போன்றவை கரையானுக்குத் தெரியாது. அதில் நடந்துவிட்டுப் போய் மற்றதையும் தொடும்போது விஷம் பரவும்.

ஓட்டை போட முடியாத இடத்துக்கு 'பெய்ட்' எனப்படும் இரைப் பெட்டி உண்டு. கரையான்கள் ஒன்றுக்கொன்று உணவு ஊட்டும் பழக்கம் உள்ளவை. இரையில் இருக்கும் மருந்து தோல் உரிவதைத் தடுத்து, மெல்ல மெல்லப் புற்றையே அழிக்கும். பலன் தெரிய மாதக் கணக்கில் ஆகும். அவசரப்படக் கூடாது.

ஆள் கூப்பிடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

* லைசென்ஸ் இருக்கிறதா? பூச்சி மருந்தடிக்கும் தொழில் செய்ய, 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி உரிமம் வேண்டும்.

* என்ன மருந்து, எத்தனை சதவீதம், எவ்வளவு லிட்டர்? எழுதித் தரச் சொல்லுங்கள்.

* வாரன்டி என்றால் என்ன? பெரும்பாலும் மறுபடி இலவசமாக மருந்து அடிப்பதுதான். அரித்துப்போன கதவுக்குக் காசு தரமாட்டார்கள். இதை முன்கூட்டியே தெளிவாகப் பேசிவிடுங்கள்.

* பில் கொடுப்பார்களா? பில் இருந்தால்தான் பிரச்சினை வந்தபோது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் புகார் சொல்ல முடியும்.

குழந்தை இருக்கும் வீடா? இதைப் படிக்காமல் மருந்து அடிக்காதீர்கள்

கரையான் மருந்து மனிதருக்கும் விஷம்தான். டப்பாவில் முக்கோண நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கடுமையான விஷம். அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று வீரியம் குறையும்.

குழந்தைகள், கர்ப்பிணிகள், ஆஸ்துமா உள்ளவர்கள், வளர்ப்புப் பிராணிகள் அன்று வேறு வீட்டில் இருக்கட்டும். மீன் தொட்டியை அப்புறப்படுத்துங்கள். இந்த மருந்துகளில் பல மீனுக்கு ஆகவே ஆகாது. சமையல் பாத்திரம், தண்ணீர்க் குடம் எல்லாம் மூடி இருக்க வேண்டும். தரை நன்றாகக் காய்ந்து, ஜன்னல் திறந்து காற்று போன பிறகே உள்ளே வாருங்கள்.

எல்லாவற்றையும் விட முக்கியம், கிணறு, போர், நிலத்தடி சம்ப். இவை எங்கே இருக்கின்றன என்று முதலிலேயே காட்டிவிடுங்கள். அதன் பக்கத்தில் ஓட்டை போட்டு மருந்து செலுத்த விடாதீர்கள். மீந்த மருந்தைக் கூல் டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைப்பது உயிரோடு விளையாடுவது.

யாருக்காவது வாந்தி, மயக்கம், மூச்சுத்திணறல் வந்தால் தாமதிக்காமல் 108-க்கு அழையுங்கள். மருந்து டப்பாவையும் கையோடு ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்லுங்கள்.

மருந்தே இல்லாமல் செய்யக்கூடியவை

முதல் மருந்து, ஈரத்தை நிறுத்துவதுதான். ஒழுகும் குழாய், ஏசி தண்ணீர் சுவரோரம் சொட்டுவது, பாத்ரூம் சுவர் ஓதம் இவற்றைச் சரி செய்யுங்கள். விறகு, பழைய பலகை, அட்டைப்பெட்டியைச் சுவரோரம் மண்ணில் குவிக்க வேண்டாம். அலமாரி, கட்டிலைச் சுவரிலிருந்து நான்கு விரல்கடை தள்ளிப் போடுங்கள். பரணில் இருக்கும் பொருளை வருடத்துக்கு இரண்டு முறையாவது இறக்கிப் பாருங்கள்.

மரம் வாங்கும்போது வைரம் பாய்ந்த பகுதியைக் கேளுங்கள். தேக்கே ஆனாலும் வெளிப்பக்கத்து வெள்ளைப் பகுதியைக் கரையான் விடாது. சாதாரண பிளைவுட், எம்டிஎஃப் பலகையில் மாடுலர் கிச்சன் போடுபவர்கள் சிங்க்குக்கு அடியில் அடிக்கடி டார்ச் அடித்துப் பாருங்கள்.

மருந்து அடித்த பிறகு சுவரோரம் செடி வைக்கத் தோண்டினாலோ, புதுக் குழாய் பதித்தாலோ, அந்த இடத்தில் தடுப்பு உடைந்துவிடும். அங்கே மட்டும் மறுபடி மருந்து தேவை.

தோட்டத்தில் பெரிய புற்று இருந்தால் கடப்பாரையோடு இறங்காதீர்கள். 'கரையான் புற்றெடுக்க கருநாகம் குடிபுகுந்தது' என்பது வெறும் பழமொழி இல்லை. உள்ளே பாம்பு இருக்கலாம்.

வாடகை வீட்டில் கரையான் என்றால்?

மண் கோட்டைப் பார்த்த அன்றே போட்டோ எடுத்து ஓனருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். பிற்பாடு 'நீங்கதான் கதவைக் கெடுத்தீங்க' என்ற பேச்சு வராது. தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி, வாடகைதாரர் உண்டாக்கிய சேதம் தவிர, கட்டுமானம் சார்ந்த பழுதுபார்ப்பு வீட்டு உரிமையாளரின் பொறுப்பு. மருந்துச் செலவு யாருடையது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்வது நல்லது.

பணத்தையும் பத்திரத்தையும் மறக்காதீர்கள்

கதவு போனால் வேறு கதவு போடலாம். பத்திரம் போனால்? 2011-ல் உத்தரப் பிரதேசம் பாராபங்கியில், வங்கியிலேயே வைத்திருந்த சுமார் 1 கோடி ரூபாய் நோட்டுகளைக் கரையான் அரித்தது. 2023-ல் அதே மாநிலத்தின் மொராதாபாத்தில், மகள் கல்யாணத்துக்காக ஒரு பெண் லாக்கரில் வைத்திருந்த 18 லட்சம் ரூபாய் தூளானது. லாக்கரில் ரொக்கம் வைக்க வங்கி ஒப்பந்தங்களே அனுமதிப்பதில்லை. அப்புறம் யாரிடம் போய்க் கேட்பது?

அரித்த நோட்டு கையில் இருந்தால் ஒட்டவைக்க முயலாமல் அப்படியே வங்கிக்குக் கொண்டு போங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி, 50 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நோட்டுகளில், ஒரே துண்டாக மிஞ்சிய பெரிய பகுதி 80 சதவீதத்துக்கு மேல் இருந்தால் முழுத் தொகை. 40 முதல் 80 சதவீதம் என்றால் பாதித் தொகை. அதற்கும் கீழே என்றால் எதுவும் கிடையாது. 20 ரூபாயும் அதற்குக் குறைவான நோட்டும் பாதிக்கு மேல் இருந்தால் முழு மதிப்பு கிடைக்கும். தொட்டாலே நொறுங்கும் நிலையில் உள்ள நோட்டை ரிசர்வ் வங்கி அலுவலகத்தில்தான் கொடுக்க முடியும். நம்மூரில் அது சென்னை ராஜாஜி சாலையில் இருக்கிறது.

வீட்டுப் பத்திரம், மார்க் ஷீட், பிறப்புச் சான்றிதழை அட்டை ஃபைலில் சுவரோடு ஒட்டிய மர அலமாரியில் வைக்காதீர்கள். மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவிலோ இரும்புப் பெட்டியிலோ போட்டு, தரையில் படாமல் உயரத்தில் வையுங்கள். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து டிஜிலாக்கரிலோ மெயிலிலோ ஒரு காப்பி வைத்துக்கொள்ளுங்கள். பத்திரம் அரித்துப்போயிருந்தாலும் பயப்பட வேண்டாம்; பதிவு செய்த ஆவணத்தின் சான்றிட்ட நகலைப் பதிவுத்துறையில் விண்ணப்பித்துப் பெறலாம்.

தமிழ் படித்தவர்களுக்குக் கரையான் மேல் ஒரு பழைய கோபம் உண்டு. தில்லைக் கோயில் அறையில் தேவார ஏடுகளைப் புற்று மூடியிருந்தது, மிஞ்சியதுதான் நமக்குக் கிடைத்தது என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. செல்லரித்து எத்தனை சுவடி போனதோ, கணக்கே இல்லை. அன்றைக்கு நகல் எடுக்க ஒவ்வொரு எழுத்தையும் கையால் எழுத வேண்டியிருந்தது. இன்றைக்கு நம் கையில் போன் இருக்கிறது.

ஆகவே, இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு நிலைக்கதவு, பரண், சிங்க் அடி, அலமாரிப் பின்பக்கம் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். கதவு நிலையை அடியிலிருந்து மேலே வரை விரலால் தட்டிப் பாருங்கள். திடமான சத்தம் வந்தால் நிம்மதி. வெற்றுச் சத்தம் வந்தால், அடுத்த மழைக்கு முன்பே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.